முதல் மோட்டார் சைக்கிள்: வாலிபர்க்கும் பெற்றோர்க்கும் சில வார்த்தைகள்

(மதுக்கரையில் கூடிய நமது சங்கத்து வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, விவாகச் செலவு, விவசாயம் முதலிய விஷயங்களைப் பற்றி இம்மேடையில் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கின்றீர்கள். அடியேன் எடுத்துக்கொண்டது அவற்றைப்போல் கௌரவமான விஷயமன்று என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், பையன் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மறுநாளே நம் வீடுகளில் எழும் முதல் வழக்கு யாது? "வண்டி வாங்கிக் கொடுங்கள்" என்பதே. தாயார் வேண்டாமென்பார், பாட்டனார் வாங்கிக் கொடு என்பார், தகப்பனார் வாய் திறவாதிருந்து, கடைசியில் பையன் சுட்டிக்காட்டிய வண்டியையே தவணைக்கு எடுத்துவிடுவார். எந்த வண்டி, யாருக்கு, எதற்காக என்னும் கேள்விகளை அந்த வழக்கில் ஒருவரும் கேட்பதில்லை. அக்கேள்விகளைக் கேட்பதற்கே இன்று வந்தேன்.

இது விளையாட்டு விஷயமன்று. 2022-ஆம் ஆண்டில் இந்திய தேசத்துச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்பது சர்க்கார் கணக்கு. அவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள்.

மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கோயமுத்தூர் ஜில்லாவில் பேசுகிறவன் ஜி. டி. நாயுடு அவர்களைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. 1893-ஆம் ஆண்டில் சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தவர் அவர். வாலிப வயதில் ஓர் ஆங்கிலேய அதிகாரி ஏறிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டார். குதிரையும் மாடும் இன்றித் தானே ஓடும் அவ்வண்டியின் மேல் அவருக்கு உண்டான ஆசை சாமானியமானதன்று. கோயமுத்தூருக்கு வந்து ஒரு ஹோட்டலில் பரிமாறும் வேலையில் அமர்ந்து, சில வருஷங்கள் காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். முந்நூறு ரூபாய் கொடுத்தார் என்று சொல்லுவர். வாங்கியவர் அதன்மேல் ஏறி ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. திருகு திருகாகக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து, மறுபடியும் பூட்டினார். அவருக்கு யந்திரக் கல்வி அளித்த பள்ளிக்கூடம் அந்த வண்டியே. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை விட்டு ஆரம்பித்த அவரது தொழில், பின்னர் யுனிவர்ஸல் மோட்டார் ஸர்வீஸ் என்று பெருகிய வரலாறு நம் ஜில்லாவில் குழந்தையும் அறிந்ததே.

இவ்வரலாற்றைச் சொன்னவுடன் நம் வாலிபர்கள் ஒரு நியாயம் எடுப்பதுண்டு. "நாயுடு வண்டியைக் கழற்றினார், நாங்கள் சைலன்ஸரைக் கழற்றினால் மட்டும் குற்றமா?" என்பார்கள். சாதுரியமான கேள்விதான். அவர் கழற்றியது அறிவதற்காக, அறிந்தபின் பூட்டினார். இக்காலத்துப் பையன் கழற்றுவது தெருவார் திரும்பிப் பார்ப்பதற்காக. கழற்றியதை மறுபடி மாட்டுவதில்லை. தவிரவும், அவர் தம் கையால் கழற்றினார். இவனோ பட்டறைக்காரனிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் தகுமோ?

இனி, வண்டியைத் தேர்ந்தெடுத்தலைப் பற்றிச் சொல்லுவேன்.

நம் நாட்டில் ரேக்ளா ஓட்டத்தைப் பாராதவர் இல்லை. காங்கேயம் காளையின் வேகத்தை மெச்சாதவரும் இல்லை. ஆனால் கயிறு பிடிக்கப் பழகாத பையனை முதல் நாளே பந்தயக் காளை பூட்டிய வண்டியில் ஏற்றும் குடியானவன் எவனாவது உண்டா? சாதுவான மாட்டைப் பூட்டி, களத்துமேட்டைச் சுற்றிவரச் செய்து, கை பழகிய பின்பன்றோ மற்றது? மாட்டின் விஷயத்தில் உள்ள இந்த விவேகம் யந்திரத்தின் விஷயத்தில் எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறேன்.

முதல் வண்டிக்கு 100 முதல் 125 ஸி.ஸி. வரை போதும் என்பது அடியேனுடைய அபிப்பிராயம். காரணம் வேகம் மட்டுமன்று, எடையும் ஆகும். ஹீரோ ஸ்பிளெண்டர் போன்ற வண்டியின் எடை சுமார் 110 கிலோ. ராயல் என்ஃபீல்டின் 350 ஸி.ஸி. வண்டிகள் ஏறக்குறைய 180 முதல் 195 கிலோ வரை இருக்கும். ஓடும்போது எடை தெரிவதில்லை. சந்தைப்பேட்டையில் வண்டியைத் திருப்பும்போதும், சரளைக்கல்லில் ஒரு காலை ஊன்றும்போதும், பின்னால் தாயாரை ஏற்றிக்கொண்டு மேட்டில் நிற்கும்போதும் தெரியும். புதியவன் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் வேகமாகப் போகையில் அன்று, நிற்கும் தறுவாயிலேயே. ஆகையால் ஆசனத்தில் அமர்ந்தால் இரு பாதங்களின் முன்பகுதியாவது தரையில் நன்றாகப் பதிகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நிறம் அப்புறம் பார்க்கலாம்.

அடுத்தது பிரேக். 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல், 125 ஸி.ஸி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு இருந்தே தீரவேண்டும் என்று விதியாயிற்று. அதற்குட்பட்ட வண்டிகளுக்கு ஒரு பிரேக்கை அழுத்தினால் மற்றதும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு போதும் என்றனர். ஏ.பி.எஸ். என்பது சக்கரம் சுழலாமல் இறுகிப் போவதைத் தடுப்பது. நனைந்த சாலையில் பயந்து முழுப் பலத்துடன் அழுத்திவிடும் புதியவனுக்கு அது பெரிய உதவி. 125 ஸி.ஸி. வகையிலும் அவ்வமைப்புள்ள வண்டி கிடைக்குமானால் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து அதை வாங்குவது உத்தமம். பளபளக்கும் விளக்கிற்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம் என்பேன்.

வேகத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன், எதிரே மாட்டைக் கண்டு கை பிரேக்கைப் பற்றுவதற்கு ஒரு விநாடி ஆகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வண்டி சுமார் 8 மீட்டர் ஓடிவிடும். நல்ல உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 6 மீட்டர் ஆகும். வேகம் 60 ஆனால், அந்த ஒரு விநாடிக்குள் ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடும். பிரேக்கிற்கு ஆகும் தூரம் இரு மடங்கன்று, நான்கு மடங்கு, அதாவது 24 மீட்டர். முன்னதில் 14 மீட்டரில் நின்றவன், பின்னதில் 40 மீட்டர் கடந்தே நிற்கிறான். பள்ளியில் பௌதிகம் படித்த பையன்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள், பெருக்கிப் பாருங்கள்.

பழைய வண்டி வாங்குவதில் தாழ்வொன்றுமில்லை. பழகும்போது இரண்டொரு முறை கீழே விழத்தான் செய்யும். புது வண்டி விழுந்தால் மனம் நோகும், பழையது விழுந்தால் பாடம் மாத்திரம் மிஞ்சும். ஆனால் பார்த்து வாங்க வேண்டும். விற்பவர் வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார். நீங்கள் போனவுடன் யந்திரத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்; குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று அறியலாம். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்புறத்தை அமுக்க, முன்சக்கரத்தை மேலே எழுப்பி ஹாண்டிலை இருபுறமும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் எங்கேனும் தட்டி நின்றால் அங்குள்ள பேரிங் தேய்ந்துவிட்டது. பல்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் செயினும் சேர்ந்து மாற்ற வேண்டியதே. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பள்ளங்கள் தேயாதிருந்தாலும் ரப்பர் கிழடாகி வெடித்திருக்கலாம்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்றுண்டு. நம்மவர்களிடம் உள்ள பழக்கம் யாதெனில், மாமனிடமோ பங்காளியிடமோ வண்டி வாங்கினால், "நமக்குள் எழுத்து எதற்கு?" என்று ஆர்.ஸி. புத்தகத்தைப் பெயர் மாற்றாமலே வைத்திருப்பது. வாங்கியவன் விபத்து உண்டாக்கினால் யார் பொறுப்பு? 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், அவரே நஷ்டஈட்டிற்கு உத்தரவாதி. வண்டியை விற்றுப் பணம் வாங்கி வருஷங்கள் ஆன பெரியவர், தாம் காணாத விபத்துக்காக நிலத்தை அடகு வைக்க நேரிடும். 29, 30 எண்ணுள்ள படிவங்களில் கையெழுத்திட்டு, போக்குவரத்து ஆபீஸில் பெயர் மாறியது என்று கண்ணால் கண்ட பின்பே உறவு கொண்டாடுங்கள். கடனில் வாங்கிய வண்டியாயின் கடன் தீர்ந்ததற்கு பாங்கியின் கடிதமும் வேண்டும். சட்டகத்திலும் யந்திரத்திலும் பொறித்த எண்கள் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. கியர் வண்டிக்கு லைசென்ஸு பதினெட்டு வயதிற்குமேல்தான். "எங்கள் பையன் பதினைந்திலேயே டவுனுக்கு ஓட்டுவான்" என்று சபையிலே பெருமை பேசுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் காவலராகிய பெற்றோருக்கு, அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு, மூன்று வருஷம் வரையில் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரையில் லைசென்ஸு கிடையாது. பெருமைக்கு இது அதிக விலையன்றோ?

இனி வண்டியில் மாறுதல் செய்வதற்கு வருவோம். வாலிபர்கள் இதற்காகவே காத்திருந்தீர்கள் என்று தெரியும்.

முதலில் செய்ய வேண்டிய மாறுதல்கள் உண்டு; அவற்றை எவரும் செய்வதில்லை. வண்டி கடையிலிருந்து வரும்போது நடுத்தர உயரமுள்ள யாரோ ஒருவருக்கென்று அமைக்கப்பட்டிருக்கிறது. உங்களுக்கென்று அன்று. பிரேக், கிளட்ச் பிடிகளைச் சிறிது தளர்த்தி, முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே கோடாக இருக்கும்படி சாய்த்துப் பூட்டலாம். கியர் மிதியின் உயரத்தைச் செருப்பிற்கும் ஷூவிற்கும் தக்கபடி திருத்தலாம். தாயாரையோ மனைவியையோ பின்னால் ஏற்றும்போது பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஒரு படி கூட்டலாம். கண்ணாடியில் தன் தோளைப் பார்க்காமல் பின்வரும் லாரியைப் பார்க்கும்படி திருப்பலாம். இவற்றிற்குக் காசு செலவில்லை. இரண்டு ஸ்பானர் போதும். குள்ளமானவர்கள் வண்டியைத் தாழ்த்தும் பொருட்டு ஸ்பிரிங்கைக் குட்டையாக்குகிறார்கள். அது தவறு. வண்டியின் சாய்வு மாறிப்போம். பக்க ஸ்டாண்டும் பொருந்தாது. ஆசனம் தைப்பவரிடம் சொல்லி உள்ளேயுள்ள பஞ்சை ஒரு விரற்கடை செதுக்கச் செய்தால் காரியம் முடிந்தது.

செய்யத் தகாத மாறுதல்களில் முதலாவது சைலன்ஸர். 2020 முதல் விற்பனையாகும் பெரும்பாலான வண்டிகளில், எரிவாய்க்குள் பெட்ரோலை அளந்து விடுவது ஒரு சிறு மின்கருவி. வெளிவரும் புகையை முகர்ந்து பார்த்தே அது அளவைத் தீர்மானிக்கிறது. நச்சுப் புகையை மாற்றும் பாகமும் புகைக்குழாயின் வழியிலேதான் அமைந்திருக்கிறது. அதைக் கழற்றி வெறுங்குழாயை மாட்டினால் சத்தம் கூடும். பலம் கூடிற்றென்று காது ஏமாறும். மெய்யாகக் கூடுவது பெட்ரோல் செலவு. நம் மதுக்கரைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த மலையடிவாரம் யானை நடமாடும் இடம். வாளையாறு மதுக்கரை ரயில் பாதையில் யானைகளைக் காக்க 2024-இல் காமிராக்களும் செயற்கை அறிவு யந்திரமும் நிறுவியிருக்கிறார்கள். ரயிலையே நிதானிக்கச் செய்யும் அந்த ஊரில், இரவு பத்து மணிக்கு வெடிச்சத்தத்தோடு வண்டி ஓட்டுவதை வீரமென்று யார் சொல்லுவர்?

இரண்டாவது, சக்கரத்திற்கு மிஞ்சிய அகல டயர். குறுகிய ரிம்மில் அகன்ற டயரைத் திணித்தால் அதன் உருவம் கெட்டு, வளைவில் சாய்வதற்கு வண்டி முரண்டு பண்ணும். மூன்றாவது ஹாண்டில். நீண்டதோ தாழ்ந்ததோ மாட்டினால் பழைய கம்பிகளும் குழாய்களும் எட்டுவதில்லை. முழுதும் திருப்பும்போது கிளட்ச் தானே இழுபட்டு வண்டி பாய்ந்ததுண்டு. விளக்கிற்காகக் கம்பிகளை வெட்டி ஒட்டுவதும் அப்படியே. எதிரே வருபவன் கண் கூசினால் அவன் வந்து மோதுவது யார்மேல் என்று யோசிக்க வேண்டும்.

நான்காவதை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அழகுக்கென்று செயின் மூடியையும், பின்சக்கரத்தின் பக்கத்திலுள்ள சேலைத் தடுப்பையும், மட்கார்டையும் கழற்றி எறிகிறார்கள். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டுமென்பது மத்திய மோட்டார் வாகன விதி. விதி இருக்கட்டும். நம் வீட்டுப் பெண்டிர் ஒருபுறமாக அமர்ந்து, முந்தானை காற்றில் பறக்கச் செல்கிறார்கள். முந்தானையோ தாவணியோ சக்கரத்தில் சிக்கினால் அதன் மறுமுனை எங்கே சுற்றியிருக்கிறது என்று சொல்லவும் வேண்டுமா? தன் வண்டி பந்தய வண்டிபோல் தோன்றவேண்டும் என்பதற்காகத் தாயின் கழுத்தைப் பணயம் வைப்பது என்ன அழகு? தாய்மார்களே, அந்தத் தடுப்பு இல்லாத வண்டியில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். ஒரே வாரத்தில் அது திரும்பி வந்துவிடும்.

சட்டமும் இவ்விஷயத்தில் கடுமையாகவே இருக்கிறது. உற்பத்தி செய்தவர் குறித்த அமைப்பிற்கும் பதிவுப் புத்தகத்திற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்பது 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வற்புறுத்தியது. மீறும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரையில் சிறையோ, மாறுதல் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வண்டி பெரும்பாலும் தகப்பனார் பெயரில் இருக்கிறது என்பதை ஞாபகத்தில் வையுங்கள். விபத்தின்போது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்காரர், தமக்குத் தெரிவியாமல் செய்த மாறுதலைக் காட்டிப் பணம் தர மறுப்பதற்கும் இது வாசலைத் திறந்துவிடுகிறது.

மதுக்கரைக்காரர்க்கே உரிய ஒரு சங்கடம் காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவேயுள்ள பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் நாம் குடியிருக்கிறோம். ஆனி பிறந்ததிலிருந்து ஆவணி முடிய மேல்காற்று இங்கே அடிக்கும் அடி மற்ற ஊரார்க்குத் தெரியாது. பாலக்காட்டுச் சாலையில் காற்றுக்குக் குறுக்கே ஒரு பெரிய லாரியைக் கடந்து செல்லும்போது, லாரியின் மறைவில் காற்று சட்டென்று நின்றுபோம். அதைத் தாண்டியவுடன் பக்கவாட்டில் அறையும். புதியவன் திகைத்து ஹாண்டிலை இறுகப் பிடிப்பான். அதனாலேயே வண்டி மேலும் ஆடும். கைகளைத் தளர்த்தி, முழங்கால்களால் டாங்கியை அணைத்து, வேகத்தைக் குறைத்துச் செல்வதே வழி. ஹாண்டிலோடு சேர்த்துப் பூட்டும் பெரிய கண்ணாடித் தடுப்புகளும், இருபுறமும் தொங்கும் பெட்டிகளும் இந்தக் காற்றுக்குப் பாய்மரம் விரித்தாற்போல் ஆகும். கோயமுத்தூர் டவுனில் அவற்றால் தொந்தரவில்லை, நமக்குண்டு. மணலும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் கேரளத்தை நோக்கிச் செல்லும் வழியும் இதுவே. வளைவுகளில் சிந்திக் கிடக்கும் ஜல்லித்தூள் முன் பிரேக்கிற்குச் சத்துரு. அந்தத் தூசியினால் ஏர் பில்டரையும் செயினையும் புத்தகத்தில் கண்ட கெடுவுக்கு முன்னதாகவே சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். செயின் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது: தேசமெங்கும் மோட்டார் சைக்கிள்களில் ஓடும் ரோலான் செயினைச் செய்பவர்கள் நம் கோயமுத்தூரைச் சேர்ந்த எல். ஜி. பி. கம்பெனியாரே. செயின் செய்யும் ஊரில் பிறந்தவன் தன் வண்டியின் செயினை எண்ணெயின்றித் துருப்பிடிக்க விடலாமா?

வேகத்தில்தான் பிரியம் என்பவர்க்கு வேறிடம் இருக்கிறது. செட்டிபாளையத்தில் கரிவரதன் அவர்கள் பெயரால் 2003-இல் திறந்த காரி மோட்டார் ஸ்பீடுவே என்னும் பந்தயத்தடம் நமக்கு அருகிலேயே உள்ளது. அங்கே எதிரே மாடு வராது; பள்ளிக்குழந்தை குறுக்கே ஓடாது; விழுந்தால் தூக்குவதற்கு ஆள் நிற்கிறான். அங்கு ஓடுகிறவர்கள் உடம்பு முழுதும் தோலாடையும் கவசமும் அணிந்தே ஏறுகிறார்கள். பனியன் சட்டையோடும் ரப்பர் செருப்போடும் பாலக்காட்டு ரஸ்தாவில் அவர்களைப்போல் சாய்கிற நம் வாலிபர், அவர்கள் உடையையும் ஒரு தடவை பார்த்து வருவது நலம்.

உடை என்றால் தலைக்கவசமே முதலாவது. ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத கவசம் விற்பதே 2021 ஜூன் முதல் கூடாதென்றாகிவிட்டது. நான்கு வயதிற்கு மேற்பட்ட எவர் ஏறினாலும் கவசம் வேண்டும்; பின்னால் அமரும் தாயாருக்கும் உட்பட. வாரைப் பூட்டாமல் அணிவது குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழையில் நடப்பதை ஒக்கும். வண்டிக்கென்று பணம் ஒதுக்கும்போதே இரண்டு நல்ல கவசங்களுக்கும் சேர்த்து ஒதுக்கிவிடுங்கள்.

வண்டி வந்த முதல் மாதத்தில் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். ஞாயிறு காலையில் பள்ளி மைதானத்திற்கோ, போக்குவரத்தில்லாத மண் தடத்திற்கோ செல்லுங்கள். ஆள் நடக்கும் வேகத்தில் காலை ஊன்றாமல் நேர்கோட்டில் ஓட்டிப் பாருங்கள். வேகமாக ஓட்டுவதைவிட இது கடினம். ஒரு கல்லை அடையாளமாக வைத்து, 20, 30, 40 கிலோமீட்டர் வேகங்களில் வந்து அவ்விடத்தில் பிரேக் பிடித்து, எங்கே நிற்கிறது என்று காலடியால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முன் பிரேக்கைப் படிப்படியாக அமுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு அதனிடமே உள்ளது. "முன் பிரேக்கைத் தொட்டால் குப்புறத் தள்ளும்" என்று பெரியவர்கள் சொல்லுவது, ஹாண்டில் திரும்பியிருக்கும்போதும் ஜல்லியிலும் மட்டுமே மெய். புது யந்திரமாயின், முதல் ஸர்வீஸ் வரையில் கம்பெனிப் புத்தகத்தில் கண்ட வேகத்தைத் தாண்டாதிருங்கள். பெண்மக்களும் இப்பயிற்சிக்கு வரவேண்டும். கியரில்லாத ஸ்கூட்டருக்கும் பிரேக்கின் கணக்கு ஒன்றே.

வண்டி பார்க்கப் போகும்போது துணைக்கு ஆள் வேண்டுமென்பவர்கள், கூட்டம் கலைந்தபின் என்னிடம் சொல்லலாம். தலைவர் அவர்கள் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்கள்.